வட்டத்தை வரைபவன் யார்?

மலிவான திரைப்படங்களைப் பற்றிப் பக்கக்கணக்காக எழுதுவது முற்போக்கு இலக்கிய ஏடொன்றுக்கு அடுக்குமா என நண்பர்கள் சிலர் எம்மைக் கேட்கின்றனர். அதிலும் கணினி விளையாட்டையும் மெய்நிகர் உலகையும் கருவாகக் கொண்ட திகிற் படங்கள்! 'சைபர்பங்க்' என்று மேனாட்டார் பெயர் சூட்டிய அவ்வகைப் படங்களில், ஒருவன் தலையிலே கருவியொன்றை மாட்டிக்கொண்டு இல்லாத ஊரில் இல்லாத பகைவனைச் சுடுகின்றான். சுட்டுச் சுட்டு, எது மெய் எது பொய் என்பது அவனுக்கே தெரியாமற் போய்விடுகின்றது. இந்தக் கூத்துக்கும், வெங்காயத்துக்கு விலை கிடையாமல் திருநெல்வேலிச் சந்தையில் தலையிற் கைவைத்துக் குந்தியிருக்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்? இது நண்பர்கள் விடுக்கும் வினா.

வினா நியாயமானதுபோலத் தோன்றுகின்றது. ஆனால் இதே வினாவை வேறொரு தொண்டையிலிருந்து ஈழத்து இலக்கிய உலகம் முன்பும் கேட்டிருக்கின்றது. 1960களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சையும் வாழ்வையும் சிறுகதைக்குள் கொண்டுவந்த எழுத்தாளரைப் பார்த்து, இது 'இழிசனர் வழக்கு', இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பண்டிதர்கள் கேட்டார்கள். அன்று அவர்களுக்குத் தக்க விடை கூறியோரின் வாரிசுகளென மார்தட்டிக்கொள்வோர், இன்று பண்டிதர்களின் சால்வையைத் தாமே எடுத்துப் போர்த்துக்கொண்டு, 'மலிவு' என்ற ஒரே சொல்லால் ஒரு கலை வடிவத்தையே ஒதுக்கித் தள்ளுகின்றனர். மலிவு என்றால் என்ன? செலவு குறைந்தது என்பதா, கருத்துக் கீழ்மையானது என்பதா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது முதலாளியின் கணக்கு. அக்கணக்கை நாம் ஏன் ஏற்கவேண்டும்?

செலவு மிகுந்த படமொன்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2018இல் வெளிவந்த ஷங்கரின் '2.0' நூற்றுக்கணக்கான கோடிகளை விழுங்கிய படமென்று விளம்பரம் செய்யப்பட்டது. அதன் கதை யாது? கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினால் பறவைகள் மடிகின்றன என்று வாசல் வாசலாக ஏறி இறங்கி மன்றாடுகின்றார் முதியவரான ஒரு பறவையியலாளர். எவரும் செவிசாய்க்கவில்லை. அவர் கோபுரமொன்றிலேயே தூக்கிட்டு மாள்கின்றார். இதுவரைக்கும் இது ஒரு மனிதனின் துயரக் கதை. ஒரு தொழிலின் பேராசைக்கு எதிரான குற்றப்பத்திரிகையுங்கூட. அதன் பின்னரே பணம் பேசத் தொடங்குகின்றது. மாண்ட முதியவர் பேயாகின்றார். ஊரிலுள்ள தொலைபேசிகளெல்லாம் பறந்து சென்று அவரது உடலாகின்றன. விஞ்ஞானி படைத்த இயந்திர மனிதன் வந்து, எதிர்ப்புத் தெரிவித்த கிழவரை அடக்கி உலகத்தைக் காக்கின்றான். படத்தின் முடிவில், கிழவர் கூறியதிலும் நியாயமுண்டு என்று விஞ்ஞானியின் வாயில் ஒரு பேச்சு வைக்கப்பட்டிருக்கின்றது. கழுத்தை அறுத்தபின் கட்டும் துணி அது.

இப்படத்தைத் தயாரித்தது லைக்கா நிறுவனம். அக்குழுமத்தின் மூலத்தொழில் கைத்தொலைபேசிச் சேவை! அதை நிறுவியவர் ஈழத்தமிழர் என்பதும், அதனால் நம்மவரிற் சிலருக்கு அப்படம் ஊர்ப் பெருமையாகத் தோன்றியதும் வேறு கதை. கதாசிரியரின் காதில் முதலாளி இரகசியமாக ஓதினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஓதவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எமது வாதம். பெரும்பணம் ஒரு படத்துக்குள் நுழையும்போது தன் கணக்கப்பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு நுழைகின்றது.

இனிச் செலவு குறைந்தவற்றுக்கு வருவோம். மெய்நிகர் உலகைப் பற்றிய படங்களுள் அறிவார்ந்தது எதுவென்று கேட்டால், ஹொலிவூட்டை விட்டு 1973ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சிக்கே நாம் செல்வோம். பஸ்பிண்டர் என்ற இளம் இயக்குநர் அதற்காக 16 மில்லிமீற்றர்ச் சுருளில், இரண்டு பகுதிகளாக, 'கம்பியின்மேல் உலகம்' என்று பொருள்படும் படமொன்றை எடுத்தார். அரச பணத்தில் இயங்கும் ஆய்வு நிலையமொன்று கணினிக்குள் ஒரு நகரத்தைக் கட்டியிருக்கின்றது. அதில் வாழும் மின்மனிதர்கள் தாம் மெய்யென்றே நம்பி வாழ்கின்றார்கள். எதற்காக இந்த நகரம்? எதிர்காலத்தில் எவ்வளவு உருக்கு விலைபோகும் என்பதை முன்கூட்டி அறிவதற்கு உருக்குக் கம்பனியொன்று அதைக் கேட்கின்றது. நிலைய அதிபர் பொதுச்சொத்தைக் கம்பனிக்குத் திறந்துவிடுகின்றார். தடுக்க முயலும் விஞ்ஞானி துரத்தப்படுகின்றான். தந்திரக் காட்சி என்று சொல்லத்தக்கது படத்தில் ஏதுமில்லை. கண்ணாடிகளும் கடைத்தொகுதிகளின் நடைகூடங்களும் மட்டுமே. ஆயினும், மெய்நிகர் உலகம் என்பது யாரோ ஒருவரின் உடைமை என்ற உண்மையைக் கணினி வீட்டுக்கு வருமுன்பே அது சொல்லிவிட்டது.

1999இல் மார்ச்சு இறுதியில் 'மேட்ரிக்ஸ்' வெளிவந்து உலகெங்கும் காசை அள்ளியது. மூன்று வாரங்கள் கழித்து, அதன் செலவில் நான்கிலொரு பங்கு அளவில் எடுக்கப்பட்ட 'எக்சிஸ்டென்ஸ்' என்ற கனடியப் படம் வந்தது, கண்டவர் சிலர். குரொனன்பேர்க் எடுத்த அப்படத்தில் விளையாட்டுக் கருவி உலோகத்தாலான பெட்டியன்று. தவளையினப் பிராணிகளின் உறுப்புகளால் ஆன, துடிக்கும் ஒரு தசைப்பை. முதுகந்தண்டில் துளையிட்டு அதைப் பொருத்துகின்றார்கள். அருவருப்பான காட்சிதான். ஆனால் அந்த அருவருப்புக்குள்ளே ஒரு தொழிற்சாலை இருக்கின்றது. மீன்பண்ணை ஒன்றை அவ்வேலைக்கு மாற்றி, வரிசையாக நின்று, பிராணிகளைக் கீறிப் பிளந்து, விளையாட்டுக்கான உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் கூலித் தொழிலாளரைக் குரொனன்பேர்க் காட்டுகின்றார். விளையாடுவோனின் இன்பத்துக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கை இரத்தத்தில் நனைகின்றது. 'மேட்ரிக்ஸ்' படத்தின் பச்சை எழுத்து மழையில் நனைந்தவர் எவருக்கும் அந்தக் கை தென்படவில்லை.

தமிழில் இத்துறையில் என்ன இருக்கின்றது என்று கேட்டால், விரல்விட்டு எண்ணும் தொகையுள் முதலிற் சொல்லத்தக்கது 'கேம் ஓவர்'. 'மாயா' (2015) எடுத்த அஸ்வின் சரவணன் இயக்கி, வை நாட் ஸ்ரூடியோஸ் தயாரித்து, 2019 யூன் 14இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளியான படம் அது. மெய்நிகர் கவசம் இப்படத்தின் மையத்தில் இல்லை. ஆனால் விளையாட்டின் விதி வாழ்க்கையின் விதியாக மாறிவிடுதல் என்ற அக்கதைமரபின் உயிர்நிலை இதில் உண்டு. ஏறத்தாழ முழுப் படமும் ஒரு வீட்டுக்குள் நிகழ்கின்றது. இரண்டு பெண்கள்: கணினி விளையாட்டு வடிவமைக்கும் சுவப்னாவும் (டாப்ஸி பன்னு), அவளுடைய வீட்டில் வேலை செய்யும் காலம்மாவும் (வினோதினி வைத்தியநாதன்). பாட்டில்லை, நகைச்சுவை நடிகரில்லை, நாயகனே இல்லை. தமிழ்ச் சினிமாவில் இத்தனை 'இல்லை'களைத் துணிவதே ஒரு சிறு கலகம்.

சுவப்னா பாலியல் வன்முறைக்கு ஆளானவள். இருட்டைக் கண்டால் மூச்சுத் திணறுகின்றது. கொடுமை நேர்ந்த நாள் ஆண்டு திரும்பி வரும்போது உடல் தானாகவே நடுங்குகின்றது. அவள் கையிற் பச்சை குத்திய மையிலே, கொலையுண்ட வேறொரு பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்துவிட்டது. அப்பெண் புற்றுநோயோடு போராடி மீண்டவள். முகமூடியணிந்த கொலைஞர்கள் வீட்டைச் சூழும் இரவில், கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் சுவப்னாவுக்கு மூன்று உயிர்கள் உண்டென்று அந்தக் குறி காட்டுகின்றது. செத்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. உயிர் ஒன்று குறைவு. பாதிக்கப்பட்ட பெண்ணைப் பார்த்து 'நீ ஏன் அந்நேரத்தில் அங்கே போனாய்' என்று கேட்கும் சமூகத்துக்கு, திரும்பத் திரும்ப எழுந்து போராடும் ஒரு பெண்ணைக் காட்டிய நேர்மைக்காக இப்படத்தை நாம் மதிக்கின்றோம். திகிற் படமென்று ஒதுக்கியவர்கள் இந்த ஒன்றையாவது பார்த்திருக்க வேண்டும்.

மதிப்பது வேறு, கேள்வி கேளாது விடுவது வேறு. மூன்று உயிர் எசமானியின் மணிக்கட்டில் இருக்கின்றது. காலம்மாவின் மணிக்கட்டில் என்ன இருக்கின்றது? அவள் அதே இரவில், அதே வீட்டில், அதே கத்திக்கு முன்னால் நிற்கின்றாள். ஆனால் கணக்கு அவள் பெயரிலில்லை. அவள் பிழைப்பதானால் எசமானியின் அடுத்த முறையிலேதான் பிழைக்கவேண்டும். இயக்குநர் இதை எண்ணிச் செய்தாரோ, எண்ணாமல் செய்தாரோ, வேலைக்காரியின் உயிருக்கு மறுமுறை கிடையாது என்ற நம் நாட்டு வழக்கம் திரைக்கதையின் விதியாகவே அமைந்துவிட்டது. கொலைஞர்களுக்கோ முகமுமில்லை, பெயருமில்லை, நோக்கமுமில்லை. வன்முறை எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் புயலாகக் காட்டப்படுகின்றது. சுவப்னா எந்தக் கம்பனிக்காக விளையாட்டு வடிக்கின்றாள், அவ்விளையாட்டினாற் பிழைப்பவர் யார், விதிகளை எழுதுபவர் யார் என்ற வினாக்கள் கதவுக்கு வெளியே நிற்கின்றன. அடிபட்டவள் யார் என்று படம் கேட்டது. ஆட்டக் களத்தை வரைந்தவன் யார் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் திருநெல்வேலியைவிடத் தகுந்த இடம் தமிழுலகில் வேறில்லை என்பது எமது துணிபு. காரணம் கூறுவோம்.

மாலையில் பரமேஸ்வராச் சந்தியிலிருந்து சந்தைப் பக்கமாக நடந்து வருபவர் எவரும் காணத்தக்க காட்சி இது: ரியூற்றறி விட்டு வந்த பையன்கள் நாலைந்து பேர் மதிலோரம் சைக்கிள்களைச் சாத்திவிட்டு, ஆளுக்கொரு தொலைபேசியுடன் இருப்பார்கள். ஒருவரையொருவர் பாராமலே ஒருவரோடொருவர் பேசுவார்கள். 'டேய், சோனுக்குள்ள வா!' என்று ஒருவன் கத்துவான். சோன் என்றால் வலயம். பப்ஜி என்ற அந்த விளையாட்டு 2017இல் தென்கொரியக் கம்பனியொன்று வெளியிட்டது. அடுத்த ஆண்டில் சீனாவின் ரென்சென்ற் நிறுவனத்தோடு சேர்ந்து தொலைபேசிக்கு வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கின்றார்கள். கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் கொல்கின்றார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் தோன்றும். அதற்குள்ளே இருப்பவருக்கே பாதுகாப்பு. வெளியே நிற்பவரின் உயிர் கணத்துக்குக் கணம் வடியும். வட்டம் சுருங்கும். மீண்டும் சுருங்கும். இடையிடையே சிவப்பு வலயம் என்றொரு பகுதி அறிவிக்கப்பட்டு அங்கே குண்டுகள் விழும். கடைசியில் மிஞ்சுபவனுக்கு வெற்றி.

வன்னியில் 2009 சனவரியில் அரசு 'யுத்த சூனிய வலயம்' ஒன்றை அறிவித்தது. பரப்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். மக்கள் அதற்குள் போகுமாறு கூறப்பட்டனர். பெப்ரவரியில் இரண்டாவது வலயம், கரையோரத்தில், ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர். மே மாதத்தில் அதனினும் சிறிய மூன்றாவது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அரச படைகள் இவ்வலயங்களுக்குள் எறிகணை வீசின என்றும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்துத் தப்பியோட முயன்றோரைச் சுட்டனர் என்றும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளனவெனக் கூறியது. மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருத்தல் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்றும் அது கூறியது. வலயத்துக்குள் வா என்ற அந்த அழைப்பைத் தம் பெற்றோர் எந்தச் செவிகளாற் கேட்டனர் என்பது மதிலோரப் பையன்களுக்குத் தெரியாது. தெரிந்த பெற்றோர் பேசுவதில்லை.

கொரியாவில் விளையாட்டை வடித்தவர் முள்ளிவாய்க்காலைப் பார்த்து வடித்தார் என்று நாம் கூறவில்லை. அவர் பார்த்தது ஒரு திரைப்படத்தை. பிரென்டன் கிறீன் என்ற அந்த அயர்லாந்துக்காரருக்கு ஊக்கமளித்தது, கிஞ்சி ஃபுக்கசாக்கு எடுத்த 'பற்றில் றோயல்' (2000) என்ற யப்பானியப் படம். அரசு ஒரு வகுப்பு மாணவர்களைத் தீவொன்றில் இறக்கி, ஒருவன் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லப் பணிக்கின்றது. அபாய வலயங்கள் நேரத்துக்கு நேரம் அறிவிக்கப்படுகின்றன. ஃபுக்கசாக்கு 1945இல் பதினைந்து வயதுச் சிறுவன். ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டு, எறிகணைக்குப் பலியான தோழர்களின் உடல்களைத் தன் கையால் அகற்றியவர். பெரியவர்கள் வரைந்த வட்டத்துக்குள் பிள்ளைகள் சாகிறார்கள் என்ற அவரது ஆத்திரமே அந்தப் படம். பதினேழு ஆண்டுகளுக்குள் சந்தை அந்த ஆத்திரத்தைக் கழித்துவிட்டு, தீவையும் வட்டத்தையும் மட்டும் எடுத்து, உலகத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்துவிட்டது. கண்டனத்தையே சரக்காக்கும் இத்திறமையை மார்க்சியம் படித்த நாம் வியக்கவேண்டியதில்லை, கவனிக்க வேண்டும்.

விளையாட்டைத் தடைசெய் என்பாருண்டு. இந்திய அரசு 2020 செப்தெம்பர் 2இல் அதைத் தடைசெய்தது. பிள்ளைகளின் நெஞ்சைக் காக்கவா? எல்லையில் சீனாவோடு மூண்ட பகையின் பேரில் நூற்றுக்கு மேற்பட்ட சீனச் செயலிகளோடு சேர்த்துத் தடைசெய்தது. மறு ஆண்டே அது வேறு பெயரோடு திரும்பி வந்தது. ஒரு முதலாளி போய் இன்னொருவர் வந்தார், அவ்வளவே. பையன்களை ஏசுவதும் எமது நோக்கமன்று. வேலையில்லை, மைதானத்துக்குக் காணியில்லை, பரீட்சையைத் தவிர வேறு பேச்சில்லை என்ற ஊரில் அவர்கள் தமக்குள் ஒரு தோழமையை அந்தத் திரையிலே தேடுகின்றார்கள். தோழமை மெய், களம் பிறருடையது.

யுத்தத்தின் உடைமைக்காரர்கள் இவ்விளையாட்டை நெடுநாட் பயன்படுத்தி வருகின்றனர். அமெரிக்க இராணுவம் 2002இல் தன் பெயரிலேயே ஒரு கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டு, 2022 வரை அதனால் ஆட்சேர்ப்புக்கு வழிசெய்தது. இதன் உள்ளும் புறமும் காட்டியவர் ஹாருன் ஃபரொக்கி. இந்தியத் தந்தைக்குப் பிறந்த ஜேர்மன் ஆவணப்படக் கலைஞர்; 2014இல் மறைந்தார். 2009–2010இல் அவர் 'தீவிர விளையாட்டுகள்' என்று பொருள்படும் நான்கு சிறு படங்களை எடுத்தார். கதையில்லை, நடிகரில்லை, செலவுமில்லை; கமராவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில், கலிபோர்னியாவில் இளம் படையினர் கணினி முன்னிருந்து மெய்நிகர் கவச வண்டியை ஓட்டுகின்றனர். தோழனொருவன் திரையிலே சுடப்பட்டு விழுகின்றான். விழுந்தவன் நாற்காலியிற் சாய்ந்து சும்மா இருக்கின்றான். இன்னொன்றில், ஈராக்கிலிருந்து திரும்பியோரின் மனக்காயத்துக்கு மெய்நிகர் கவசம் மாட்டிச் சிகிச்சை. ஒருவன் தோழனின் உடல் சிதறியதைத் திக்கித் திணறிச் சொல்கின்றான். பார்ப்போர் நெஞ்சு உறைகின்றது. முடிந்ததும் சூழ இருப்போர் கைதட்டுகின்றனர். அது கருவியை எவ்வாறு கையாள்வதெனக் காட்டும் ஒத்திகை!

நான்காவது படத்தில் ஃபரொக்கி ஒரு சிறு செய்தியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றார். போருக்குப் பயிற்றும் காட்சிகளில் சூரியனுண்டு, பொருள்களுக்கு நிழலுமுண்டு. போரால் உடைந்தவரைக் குணப்படுத்தும் காட்சிகளில் நிழலில்லை. ஏனெனில் அது குறைந்த விலையில் செய்யப்பட்டது. கொல்லப் பழக்குவதற்கு நிழல் வரைய அரசுகளிடம் பணமுண்டு, ஆற்றுவதற்கு இல்லை. நூறு தலையங்கங்கள் எழுதிச் சொல்ல முடியாததை ஒரு நிழலைக் காட்டிச் சொல்லிவிட்டார். இங்கோ, யாழ்ப்பாணத்து மக்களின் உளக்காயங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூல் வெளியிட்டபோது, அந்த நிழலற்ற கருவிகூட எமக்கு இருந்ததில்லை.

ஆகவே மெய்நிகர் விளையாட்டைப் பற்றிய மலிவுப் படம் எமக்கு அந்நியமென்று கூறும் நண்பரை இரண்டு இடங்களுக்கு நடத்திச் செல்ல விரும்புகின்றோம். ஒன்று பலாலி வீதி. 1983 யூலை 23 இரவு, திருநெல்வேலியில் அந்த வீதியிற் பதின்மூன்று படையினர் தாக்கிக் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாகப் படையினர் இப்பகுதியில் வழியிற் கண்ட பொதுமக்களைச் சுட்டனர். கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் எரியுண்டனர். மற்றொன்று பல்கலைக்கழக மைதானம். 1987 ஒக்ரோபர் 11 நள்ளிரவை அண்டி இந்தியப் படையினர் உலங்குவானூர்தியிலிருந்து அங்கே இறக்கப்பட்டனர். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவில் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். சூழ இருந்த வீடுகளின் மக்கள் இரு பக்கத்துக்கும் நடுவே அகப்பட்டனர். வானிலிருந்து அந்நிய மண்ணில் குதித்து, யார் எங்கே நிற்கின்றார் என்றறியாமல் சுட்டு மாண்ட அந்தப் பஞ்சாப் உழவனின் மகனும் யாரோ வரைந்த வட்டத்துக்குள்ளேதான் குதித்தான். இன்று அதே மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து ஒரு மாணவன் தொலைபேசியில் பரசூட்டிற் குதிக்கின்றான். இவ்விரண்டு குதிப்புகளையும் ஒரே சட்டத்துக்குள் வைக்க எத்தனை கோடி வேண்டும்?

தொழில்நுட்பம் எமதன்று என்பதும் சாட்டு. 1990இலிருந்து ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த குடாநாட்டில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவிற் பிறந்த மின்னில் வானொலி கேட்ட மக்கள் நாம். படமெடுப்பது எமக்கு வராதென்பதும் பொய். கட்டடக்கலைஞர் வீ. எஸ். துரைராஜா 1972இல் 'குத்துவிளக்கு' தயாரித்தார். தர்மசேன பத்திராஜா என்ற சிங்களக் கலைஞர் இங்கு வந்து, 1977இல் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் கண்கொண்டு பார்த்து 'பொன்மணி' எடுத்தார். சென்னைப் படத்துக்குப் பழகிய எமது இரசிகப் பெருமக்கள் அதனைக் கைவிட்டனர். அந்தப் பழி படமெடுத்தவர் மீதன்று.

இன்னுமொரு தடை சொல்லப்படுகின்றது. அதை நாம் இலேசாகக் கொள்ளவில்லை. 2009இன் சாவுகளை விளையாட்டு என்ற சொல்லோடு சேர்ப்பது மாண்டோருக்கு இழைக்கும் அவமதிப்பு என்கின்றனர். பிள்ளைகளை இழந்த தாய்மார் இருக்கும் ஊர் இது. சொல்லை எண்ணிப் பேசவேண்டும். ஆனால் சுருங்கும் வலயத்தை விளையாட்டாக்கியவர்கள் நாமல்லர். அது ஏற்கெனவே எமது பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கின்றது. அங்கே செத்தவன் அடுத்த நிமிடம் மறுபடியும் குதிக்கின்றான். அதற்கு மறுமொழியாக வரும் படம் ஒரு விதியை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும்: அதில் எவருக்கும் இரண்டாவது உயிர் கிடையாது, எசமானிக்கும் கிடையாது, காலம்மாவுக்கும் கிடையாது. வட்டம் சுருங்கும்போது கமரா உள்ளே நிற்பவரைவிட்டு மேலே போகட்டும்; வரைபடத்தின்மேல் குனிந்திருக்கும் தலைகளைக் காட்டட்டும். அவை ஒரு பக்கத்துத் தலைகளாக மட்டும் இராமலிருக்க இயக்குநருக்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரத்தைக் கோடிக்கணக்கிற் போட்ட பணம் அனுமதிக்காது. நாலு மாணவர் சேர்ந்து கடன்வாங்கிய கமராவோடு எடுக்கும் படம் அனுமதிக்கலாம்.

வெங்காய விவசாயியை முன்னிறுத்தி எம்மைக் கண்டித்த நண்பருக்கு ஒரு சொல். அவர் மகனும் அந்த மதிலோரத்தில்தான் இருக்கின்றான். நண்பர் அவனிடம் பேசிப் பார்த்ததுண்டா?

இக்கட்டுரைக்கு மறுப்பெழுத விரும்பும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அடுத்த இதழ்களில் இடமுண்டு. 'கேம் ஓவர்' படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.